இடது ஓரத்து நூல்

முடிச்சு கிடையாது. ஒரு முடிச்சுகூடக் கிடையாது, பார்ப்பதற்குத்தான் பத்து முடிச்சு மாதிரி இருக்கிறது, இதை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு எனக்கே சொல்லிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. நூலின் ஒரு முனை துணியில் தைத்திருக்கிறது, மறுமுனை கைப்பிடியில் மாட்டியிருக்கிறது, இரண்டு பக்கமும் பிடிபட்ட நூலில் தானாக முடிச்சு விழ வழியே இல்லை, விழுந்த மாதிரி தெரிந்தால் கைப்பிடி எங்கோ நூல்களுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம், அது நுழைந்த இடத்தைக் கண்டுபிடித்து வந்த வழியே திருப்பி அனுப்பினால் பத்தும் ஒரே உதறலில் போய்விடும். இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் இழுப்பார்கள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், பொறுமை அதிகம் என்று நினைப்பேன், மணலில் உட்கார்ந்து முகம் சிவக்க இழுத்துவிட்டுக் கடைசியில் அந்த நூல் மூட்டையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு என் தையல் கொட்டகைக்கு வருவார்கள், நான் மிஷினை நிறுத்தாமலே அங்கே வையுங்கள் என்பேன். கடற்கரையில் காற்றுப் பலகை சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் ஆறு வருடமாகக் கிழிந்த துணி தைக்கிறேன், அதற்கு முன்னால் இருபது வருடம் ஜாக்கெட் தைத்தேன், நூல் என்னிடம் வாலாட்ட முடியாது. இப்போது கடலுக்கு நடுவில் பலகையின் மேல் குதிரை ஏறினாற்போல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மடியில் நனைந்த பாராசூட் துணி, விரித்தால் இரண்டு ஆள் படுக்கிற பாய் அளவு, அதிலிருந்து நாற்பது நூல் கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்து எட்டாகி ஒரு முழநீளக் கைப்பிடியில் வந்து முடிகின்றன. முடியவேண்டும். இன்றைக்கு எங்கே முடிகின்றன என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

நடந்தது இவ்வளவுதான். வாலிநோக்கத்தில் மூன்றேகாலுக்கு இறங்கினேன், நல்ல கச்சான் காற்று, முதுகில் தள்ளுகிற காற்று, துணியை வீசினேன், விரிந்தது, பலகையை இழுத்தது, வேகம் பிடித்ததும் பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் இருக்கிற இறக்கை பறக்கத் தொடங்கியது, பலகை முழ உயரம் எழும்பிவிட்டது, பிறகு துணி எதற்கு, நூல்களைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து துணியை இடுப்புப் பையில் செருகிவிட்டு வெறும் அலையின் மேலேயே போனேன். நாற்பது வயதில் வெறும் அலையின் மேல். சத்தமே இருக்காது, அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது, படகு போனால் மோட்டார் கத்தும், நீந்தினால் மூச்சு கத்தும், இதில் காதில் காற்று மட்டும்தான். பாதி தூரத்தில் அலை செத்துப்போனது, பலகை இறங்கியது, துணியை எடுத்து மறுபடி வீசினேன், வலப்பக்கம் விரிந்தது, இடப்பக்கம் விரியவில்லை, அப்படியே சுழன்று தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தது, அள்ளி எடுக்கும்போது கைப்பிடியும் உள்ளே போய்விட்டது. இது எல்லாருக்கும் நடக்கிறதுதான், எனக்கு நடப்பது மூன்றாவது தடவை, முதல் தடவை பன்னிரண்டு நிமிடம், இரண்டாவது தடவை ஏழு நிமிடம். இன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. ஏர்வாடிக் கரையில் செல்போன் கோபுரம் தெரிகிறது, அதற்குக் கீழேதான் தஸ்நேவிஸ் லாரியை நிறுத்திக்கொண்டு நிற்பார், உப்பு இறக்கிவிட்டு வந்த காலி லாரி, என்னையும் பலகையையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக.

அவர் என் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடமாக உப்பு லாரி ஓட்டுகிறார், ஆனால் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்க மாட்டார், நீச்சல் தெரியாது, செங்கோட்டை மலைவளைவில் பத்து டன் உப்போடு இறங்குகிறவருக்கு இடுப்பளவு தண்ணீரைப் பார்த்தால் வாய் உலர்ந்துவிடும். நான் முதலில் பலகை ஏறியபோது சிரித்தார், இரண்டாவது மாதம் சிரிப்பை நிறுத்தினார், போன ஏப்ரலில் ஒரு நாள் காற்று விழுந்து நான் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கையையே துடுப்பாகப் போட்டுக் கரையேறினேன். மறுநாள் சாப்பிடும்போதுதான் பேசினார், நண்டுக் குழம்பு, நன்றாக நினைவிருக்கிறது, ஓட்டைக் கடித்து வைத்துவிட்டுச் சொன்னார், "ஒரு படகு வந்து உன்னத் தூக்கிட்டு வர்ற நெலம ஒரு தடவ வந்துட்டாலும் அதோட நீ தனியாப் போறது முடிஞ்சுது. கூட ஆளு இருந்தா போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தனியா இல்ல." நான் சரி என்றேன். சோற்றில் கையை வைத்துக்கொண்டே சரி என்றேன், எங்கள் வீட்டில் அது சத்தியத்துக்கு மேல். அப்போது லேசாகத்தான் சொன்னேன், என்னைத் தூக்க எந்தப் படகு வரப்போகிறது என்ற திமிர்தான், அந்தத் திமிர் இப்போதும் இருக்கிறது, கொஞ்சம் நனைந்திருக்கிறது. கூட ஆள் இருந்தால் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். கூட ஆள் வந்தால் அக்கா நில்லுங்கள், அக்கா மெதுவாக, அக்கா இது ஏன் இப்படி இழுக்கிறது. பதினான்கு வயதிலிருந்து என்னிடம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், கை சரியில்லை, கழுத்து இறக்கம், நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கே வேண்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஒரு மணி நேரம், என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதை என்னிடமிருந்து எடுத்தால் நான் செத்துவிட மாட்டேன், ஆனால் எனக்கு வேண்டும், அது எனக்கு வேண்டும், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, கையைப் பார். சிவப்பு நூல் முன்பக்கம், நீலம் பின்பக்கம், மஞ்சள் இரண்டு ஓரத்திலும். கைப்பிடியை மேலே தூக்கிப் பிடி, துணி தொங்கட்டும், கனத்தில் தானே கொஞ்சம் பிரியும், ஆமாம், பிரிகிறது, இதோ ஒரு வளையம், இதற்குள்தான் கைப்பிடி போயிருக்கிறது, திருப்பி அனுப்பு, போ, போய்விட்டது, வலப்பக்கம் நான்கு நூலும் வாரி முடித்த தலை மாதிரி நேராகிவிட்டது. பார்த்தாயா இமெல்டா, பாதி வேலை முடிந்தது. இப்போது இடப்பக்கம். இதிலும் ஒரு வளையம், இதற்குள்ளும் அனுப்பு, உதறு. பிரியவில்லை. மறுபடி உதறு. மூன்று நேராக நிற்கிறது, நான்காவது, இடது ஓரத்து மஞ்சள், மற்ற மூன்றையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கழுத்தைப் பிடித்தாற்போல் நிற்கிறது. இந்தச் சுற்று வழியாகக் கைப்பிடியை அனுப்பினால் சுற்று அந்தப் பக்கம் போகிறது, திரும்ப அனுப்பினால் இந்தப் பக்கம் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. எங்கேயோ ஒரு நுழைவை விட்டுவிட்டேன். முதலிலிருந்து. கையில் சொறி என்கிற ஜெல்லிமீன் ஒன்று உரசிவிட்டுப் போயிருக்கிறது, மணிக்கட்டு எரிகிறது, எரியட்டும். காற்று முதுகில் குறைந்த மாதிரி இருக்கிறது, அப்படி ஒன்றும் குறையவில்லை, பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தளரும், முழுசாக விழ இன்னும் முக்கால் மணி நேரமாவது இருக்கிறது. விழுந்தால் என்ன ஆகும், அலை என்னைக் கரைப்பக்கம்தான் தள்ளும், சாக மாட்டேன், அது பயமில்லை, இருட்டுவதற்குள் கரை வராது, அவர் படகு அனுப்புவார், அதுதான் பயம். கழுத்தில் தொங்குகிற உறைக்குள் போன் அடிக்கிறது. அவர்தான். ஈரக்கையில் போன் கேட்காது, தடவித் தடவிப் பார்த்தேன், அடித்து நின்றது. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன், ஒன்றுமில்லை, நூல் கொஞ்சம் சிக்கிவிட்டது என்றால் அவர் அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட்டுச் சிக்கிவிட்டதை மட்டும் காதில் வாங்குவார். இன்னொரு தடவை அடித்தது, அப்புறம் அடிக்கவில்லை. அடிக்காதது எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் பத்து நிமிடத்தில் வந்தது, தெற்கே தீவுப் பக்கமிருந்து பச்சை வள்ளம் ஒன்று நேராக என்னைப் பார்த்து வந்தது, சீனி காக்காவின் வள்ளம், இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நண்டு வலை போடுகிறவர், ஏர்வாடிக்காரர், எங்கள் கொட்டகையில் பாய்மரத் துணி வாங்கி வள்ளத்துக்கு நிழல் கட்டியிருக்கிறார். மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்து வந்து பக்கத்தில் நின்றார். "என்ன தங்கச்சி, கடல்ல உக்காந்து பூக்கட்டுறியளா" என்றார். நான் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. "ஒங்க மாப்பிள போனு போட்டாக. பாத்து ஏத்திக்கிட்டு வந்துருங்க காக்கான்னாக. வாங்க, பலகைய மொதல்ல குடுங்க" என்று கையை நீட்டினார். நல்ல கை, வலை இழுத்து இழுத்துத் தடித்த கை, அதைப் பிடித்தால் ஒரே தூக்கில் மேலே போய்விடலாம், உட்கார்ந்தால் போதும், இருபது நிமிடத்தில் கரை. "காக்கா, நான் ஏறினா அதோட எல்லாம் முடிஞ்சுது. அவருகிட்ட சொல்லியிருக்கேன்" என்றேன். "என்ன சொல்லியிருக்கிய" என்றார். சொன்னேன். நண்டுக் குழம்பு உட்பட. காக்கா தாடியைச் சொறிந்துகொண்டு கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது புருசன் பொஞ்சாதி சமாச்சாரம், நான் எதுக்கு நடுவுல" என்றார். "அரை மணி நேரம் குடுங்க. அதுக்குள்ள அவுக்காட்டி நானே ஏறிக்கிறேன், ஒங்க மேல பழி வராது" என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது, நங்கூரக் கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, வள்ளத்தில் கட்டியிருந்த இன்னொரு கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தார், பலகை விலகிப் போகாமல் இருக்க. இதைப் பிடிக்கலாமா, இது படகு தூக்கியதில் சேருமா என்று ஒரு கணம் யோசித்தேன், பேருந்துக்கு நிற்கும்போது கம்பத்தில் சாய்கிற மாதிரிதானே என்று பிடித்துக்கொண்டேன். பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார், இஞ்சி தட்டிப் போட்ட டீ, வாயெல்லாம் உப்பு, அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடித்ததில்லை. "அந்த ஒத்த நூலத்தானே மல்லுக்கட்டுறிய, அறுத்து விட்டா என்ன" என்றார். "அறுத்தா இடப்பக்கம் நிக்காது காக்கா, துணி சுத்திச் சுத்தி விழும்." "அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு வலையிலிருந்து நண்டு கழற்றத் தொடங்கினார், அவர் பாட்டுக்குக் கழற்றினார், நண்டுக் கால் ஒடியாமல் எப்படிக் கழற்றுகிறார், வலையை இழுக்கவே இல்லை, நண்டைத்தான் திருப்புகிறார்.

வலையை இழுக்கவில்லை. நண்டு எந்தக் கண்ணியில் முதலில் நுழைந்ததோ அங்கே போய்த் தொடங்குகிறார். நானும் அதைத்தானே இவ்வளவு நேரமும் செய்கிறேன், கைப்பிடி நுழைந்த இடம், கைப்பிடி நுழைந்த இடம் என்று, கைப்பிடி நுழையவே இல்லையென்றால். கண்ணை மூடிக்கொண்டு துணியின் தையலிலிருந்து மஞ்சள் நூலை விரலால் தடவிக்கொண்டே வந்தேன், நேர், நேர், மற்ற மூன்றுக்கும் அடியில் போகிறது, சுற்றி மேலே வருகிறது, கைப்பிடிக்கு வந்துவிட்டது, முனையில் விரல் நின்றது. அங்கே மொழுமொழுவென்று ஒரு சின்னக் கண்ணி இருக்கவேண்டும், நூல் முனையில் நான் தைத்த காது, அதைக் கைப்பிடியின் குட்டிக் கயிற்றில் மாட்டி இழுத்தால் நிற்கும், தள்ளினால் கழன்றுவிடும். என் விரலில் பட்டது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. முடிச்சு. நிஜமான முடிச்சு. நான் போடாத முடிச்சு. நூலை மற்ற மூன்றுக்கும் அடியால் கொண்டுவந்து தப்பான பக்கத்தில் மாட்டி, அதன் மேல் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருக்கிறது, இதைக் கழற்றாமல் உலகம் முடிகிற வரைக்கும் உதறினாலும் அந்தச் சுற்று போகாது. நேற்றுச் சாயங்காலம், வீட்டில். இடப்பக்கத்து நூல் தேய்ந்துவிட்டது என்று நான்கும் மாற்றிக்கொண்டிருந்தேன், மூன்று மாட்டிவிட்டேன், சகாயமேரி டீச்சர் வாசலில் வந்து ஜாக்கெட் கை பிடிக்கிறது என்றாள், எழுந்து போனேன், திரும்பி வந்தபோது தஸ்நேவிஸ் மடியில் கைப்பிடியை வைத்துக்கொண்டிருந்தார், "கடைசி ஒண்ண நானே போட்டுட்டேன்" என்றார், எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவர் இதைத் தொட்டதே இல்லை, அதனால் நான் எதுவும் பார்க்கவில்லை, பார்த்தால் நம்பாத மாதிரி இருக்கும் என்று பையில் வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு நினைப்பு வந்தது, வரக் கூடாத நினைப்பு, வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தாரா. போன வாரம் சொன்னார், ஒரு நாள் உனக்கே தெரியும் என்று சொன்னார், தட்டைக் கழுவிக்கொண்டே முகத்தைத் திருப்பாமல் சொன்னார். நான் நடுவில் நிற்கவேண்டும், படகு வரவேண்டும், காக்காவின் நம்பரைத் தயாராக வைத்திருந்தாரே, இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு உடனே காக்காவுக்கு அடித்துவிட்டாரே. இருபது வருடம் கூடப் படுத்த மனிதனைப் பற்றிக் கடலில் உட்கார்ந்து இப்படி யோசிக்கிறேன். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, தப்பான பக்கம், அவிழ்க்க முடியாத முடிச்சு, நம்பர், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது, இழுக்க இழுக்க இறுகுகிறது. இழுக்காதே இமெல்டா. நூறு பேருக்குச் சொன்னதை உனக்குச் சொல். முடிச்சைப் பார், முடிச்சை மட்டும் பார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். மூன்று சுற்று, கடைசிச் சுற்றின் நுனியை உள்ளே விட்டு மறுபடி ஒரு மடக்கு, இது எனக்குத் தெரியும், லாரியில் உப்பு மூட்டை மேல் தார்ப்பாய் போட்டு அவர் போடுகிற கட்டு, கேரளா போய்ச் சேருகிற வரைக்கும் மழைக்கும் காற்றுக்கும் அசையக் கூடாத கட்டு. அதுவும் எப்படி இறுக்கியிருக்கிறார், நூலுக்குள் நூல் பதிந்திருக்கிறது, கையால் இப்படி வராது, காலை ஊன்றி இழுத்திருக்கிறார், ஒரு முனையைக் கட்டைவிரலில் மாட்டி உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்திருக்கிறார். என்னை நடுக்கடலில் நிறுத்த நினைக்கிறவன் லேசாகக் கட்டுவான், பாதியில் அவிழட்டும் என்று விடுவான். இது நடுக்கடலில் எந்தக் காரணத்துக்காகவும் அவிழக் கூடாது என்று கட்டின கட்டு. பயந்துகொண்டு கட்டியிருக்கிறார், அவருக்குத் தெரிந்த கட்டுகளிலேயே நல்லதாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, காக்கா பார்க்கிறார் என்று கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். அவரைச் சொல்கிறேனே, நான் என்ன செய்தேன். கரையிலிருந்து இறங்கும் முன்னால் கைப்பிடியிலிருந்து துணி வரைக்கும் ஒவ்வொரு நூலையும் விரலால் தடவிப் பார்க்காமல் யாரையும் தண்ணீரில் விடமாட்டேன், பள்ளிக்கூடத்தில் அதற்கு என் பெயர் போலீஸ் அக்கா. இன்றைக்குக் காற்று சீக்கிரமே வந்துவிட்டது என்று பார்க்காமல் இறங்கினேன். கிளம்பும்போதே இடப்பக்கம் ஒரு மாதிரி இழுத்தது, புது நூல், நனைந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாணவர்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் தோலை உரித்திருப்பேன்.

நகத்தால் வராது, ஈரத்தில் ஊறி இரும்பாகிவிட்டது. இடுப்பில் கத்தி இருக்கிறது, அதை நுழைத்தால் நூலும் போய்விடும். பல். பட்டன் தைத்து இருபத்தாறு வருடம் நூல் கடித்த பல், வலது கோரைப்பல்லுக்கு முந்தின பல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் காடியே விழுந்திருக்கிறது, அந்தக் காடியில் கடைசி மடக்கை வைத்துக் கடித்தேன், இழுக்காமல் புரட்டினேன், காக்கா நண்டைப் புரட்டுகிற மாதிரி. ஈறு கிழிந்தது, உப்பு ஏறியது, கண்ணில் தண்ணீர் முட்டியது, மடக்கு ஒரு நெல் அளவு நகர்ந்தது. போதும், நகர்ந்தால் என் கைதான். மறுபடி. காக்கா நண்டை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரத்தம் வருது தங்கச்சி." தலையை ஆட்டினேன், வாயில் நூல். முதல் சுற்று கழன்றது, இரண்டாவது தானே வந்தது, மூன்றாவதை விரலே எடுத்துவிட்டது, காது மட்டும் மிஞ்சியது, தள்ளினேன், கழன்றது. இப்போது நூல் கையை விட்டுப் போனால் தண்ணீருக்குள் பாம்பு மாதிரி போய்விடும், பல்லில் கவ்விக்கொண்டு மற்ற மூன்றையும் சுற்றி வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து, சரியான பக்கத்தில் குட்டிக் கயிற்றில் மாட்டி ஒரு இழுப்பு. கைப்பிடியைத் தூக்கினேன். எட்டும் நேராகத் தொங்கின. ஒவ்வொன்றையும் விரலால் துணி வரைக்கும் தடவினேன், எட்டையும், அவசரப்படாமல், காற்று போனால் போகட்டும் என்று. போகவில்லை, ஆனால் கிழடாகிவிட்டது. "காக்கா, கயித்த வாங்கிக்கிருங்க" என்றேன். துணியை வீசினேன், நீரை உதிர்த்துக்கொண்டு எழுந்து தலைக்கு மேல் போய் நின்றது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிந்து நின்றது, இழுப்பு போதவில்லை. காக்கா கல்லைத் தூக்கி மோட்டாரைப் போட்டார், என்னைத் தாண்டிப் போனார், வள்ளம் போன தடத்தில் நல்ல அலை ஒன்று எழுந்து என் பக்கம் வந்தது. அவர் வேண்டுமென்றே வளைந்து போனாரா என்று நான் கேட்கவில்லை, அலை யார் போட்டாலும் அலைதான், அதன் முதுகில் முழங்காலால் பலகையை அமுக்கி எழுந்தேன், நான்கு தடவை உந்தினேன், சத்தம் நின்றது. தண்ணீரின் சத்தம் நின்று காற்று மட்டும் காதில் வந்தது.

ஏர்வாடிக் கரையில் அவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், இல்லை, தொடை அளவு, கைலி நனைந்திருந்தது, நனைந்தது அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பலகையை விட்டு இறங்கி நடந்தேன். "காக்கா பக்கத்துல நின்னாரே" என்றார். "நின்னாரு. டீ குடுத்தாரு." "ஏறுனியா." "ஏறல." அவர் என் வாயைப் பார்த்தார், "என்ன ரத்தம்" என்றார். பொய் சொல்லலாம் என்று வருகிற வழியெல்லாம் யோசித்திருந்தேன், சும்மா சிக்கல், எல்லாருக்கும் வருவதுதான் என்று. சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் அடுத்த தடவையும் அன்பாக இதே கட்டைப் போடுவார். "பல்லால அவுத்தேன். இடது ஓரத்து நூலு" என்றேன். அவர் முகம் வெளுத்தது. "நான் கட்டுனது. நடுவுல அவுந்துருச்சா." "அவுழவே இல்லங்க. அதுதான் வினை. தப்பான பக்கத்துல மாட்டி லாரிக் கட்டுப் போட்டுட்டீங்க. நீங்க கட்டுனது தப்பு, நான் பாக்காம எறங்குனது அதவிடத் தப்பு. ஒங்க மேல ஒரு நிமிசம் சந்தேகப்பட்டேன், அது எல்லாத்தவிடத் தப்பு." கடைசியாகச் சொன்னதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை, மணலில் போய் உட்கார்ந்துவிட்டார், "இனிமே அதத் தொட மாட்டேன்" என்றார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியை அவர் மடியில் வைத்தேன். "கழட்டுங்க. கழட்டி நீங்களே மறுபடி மாட்டுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல், அந்தச் சின்னக் காதைப் பிடிக்கவே தடுமாறியது. தள்ளினார், கழன்றது. நான் காட்டின பக்கமாகக் கொண்டுவந்து மாட்டினார், ஒரு இழுப்பு, உட்கார்ந்தது. முடிந்துவிட்டது என்று தெரியாமல் இன்னும் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதான்" என்றேன். "இம்புட்டுதானா" என்றார். கைப்பிடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், புளியங்கொட்டையும் இல்லை, சுற்றும் இல்லை, ஒரு சின்ன வளையம். "இந்தத் துண்டுக் கண்ணியா அங்கன ஒன்னத் தாங்குது." "இழுக்க இழுக்க இறுகும், தள்ளுனா வந்துரும்." நூலைக் கையில் சுற்றிக் காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தார், கழுத்து நரம்பு புடைத்தது. நின்றது. விரலால் தள்ளினார், கழன்றது. மறுபடி மாட்டி மறுபடி இழுத்தார். நான் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தபோது மற்ற ஏழையும் ஒவ்வொன்றாக விரலால் துணி வரைக்கும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு துணியை மடித்துப் பையில் வைத்து, பலகையைத் தூக்கி லாரியில் போட்டார். கதவைத் திறக்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார், "வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு இங்க வந்து நிக்கணும்."